அறிமுக அண்ணாச்சி

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், சிறு குன்றின்மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருவண்ணாமலையில், புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் கூடும் ஜனசமுத்திரத்தினிடையே, படியேறித் தரிசிக்கும் அவசரம் சற்றுமின்றி, மேளச் சத்தம் வரும் திக்கிலேயே கண்ணும் கருத்துமாக அடிவாரத்தில் நிற்கும் பெரிய மனிதர் ஒருவரைக் காணலாம். சலவை வேஷ்டி, ஜவ்வாது மணம், பால்கோவாப் பொட்டலங்கள் நிறைந்த மஞ்சள் பை. பெற்றோர் இட்ட பெயர் இவருக்கும் ஒன்று உண்டு. ஆயினும் ராஜபாளையம் முதல் சாத்தூர் வரையிலுள்ள சங்கீத உலகம் இவரை அறிமுக அண்ணாச்சி என்றே வழங்கும்.

அண்ணாச்சிக்குப் பாட வராது. தாளம் போடுவார், ஆனால் அது அடுத்தவர் தொடையைப் பார்த்துப் போடும் தாளம். தோடி எது, தன்யாசி எது என்று நெருக்கிக் கேட்டால், "ரெண்டும் நல்ல ராகந்தான்" என்று பாரபட்சமின்றித் தீர்ப்பளிப்பார். இவருடைய பாண்டித்தியமெல்லாம் எந்த வித்வானுக்கு எந்த வித்வான் என்ன வேண்டும் என்பதிலேதான்.

பிரதான வித்வானை நேரே அணுகுவது பாமரர் செய்கை என்பது அண்ணாச்சியின் சித்தாந்தம். பாட்டுக்காரர் மேடைக்கு நடுவில் அமர்ந்திருக்கிறாரே தவிர, ஒரு பாட்டுக்காரருக்கு இன்னொரு பாட்டுக்காரரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தாலும் சிபாரிசு செய்ய நியாயமே இல்லை. மிருதங்கக்காரரோ இன்று ஒருவருக்கும் நாளை மற்றொருவருக்கும் வாசிக்கிறவர். கடக்காரருக்கு இன்னும் விசாலமான உலகம். தம்பூராக்காரரிடம் அந்தரங்கங்களே உண்டு. இவர்கள் எல்லாரினும் மேலாக அண்ணாச்சி பூஜிப்பது வானொலி நிலைய வித்வானை. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் நிலையங்கள் தோன்றியதன் பரம பிரயோஜனம், பாட வருகிறவர்களுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசித்து அத்தனை பேரையும் அறிந்திருக்கும் ஒரு ஜீவனை மாதச் சம்பளத்தில் ஓரிடத்தில் உட்கார்த்தி வைத்ததுதான் என்பது அவர் கட்சி. இளம்பிராயத்துப் பாலக்காடு மணி ஐயரைச் செம்பை வைத்தியநாத பாகவதர் தம்மோடு மேடையேற்றி உலகுக்குக் காட்டிய வரலாற்றைச் சொல்லும்போதுகூட, பாகவதரை ஒரு மகாவித்வான் என்பதைவிட, இந்தத் தொழிலில் தமக்கு முன்னோடி என்கிற பாவத்திலேயே சொல்லுவார்.

அறிமுகம் செய்யும் அழகைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். ராஜபாளையத்து ஸ்ரீராமநவமிக் கச்சேரிக்கு வெளியூரிலிருந்து வந்த மிருதங்க வித்வான் காப்பி அருந்திக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, இவன் நம்ம பையன். ஒங்களோட கஞ்சிரா வாசிப்பாரே, அவரு சகலபாடி வீட்டுக்கு எதிர்வீடு" என்பதுவரை ஒரே மூச்சு. அங்கே ஒரு நிறுத்தம். அந்த இடைவெளியில் பால்கோவாப் பொட்டலம் கைமாறிவிடும். "வயலின் வாசிப்பான்" என்பது அதற்குப் பிறகுதான். இனிப்பை வாங்கிய கை போன் நம்பரைத் தர மறுப்பது மரியாதையா? மிருதங்கக்காரர் தம் கைபேசியில் பையனுடைய பெயரைப் பதிந்துகொள்ளுவார். எதிர்வீட்டுச் சம்பந்தம் மெய்தானா என்று விசாரிக்க அவருக்கு ஏது நேரம்? பையனும் பிரமித்து நிற்பான், சகலபாடி ஒருவர் தன் வீட்டுக்கு எதிரில் இருப்பதை அப்போதுதான் அறிந்தவனாக.

நாம் சிரிக்கலாம். ஆனால், சபாக்களுக்கு விண்ணப்பம் எழுதி எழுதிப் பதிலே காணாத கிராமாந்தரத்துப் பிள்ளைகள், இந்த எதிர்வீட்டு மார்க்கமாகவே மேடையேறியிருக்கிறார்கள். வித்தை இருந்தவன் மறுமுறையும் அழைக்கப்பட்டான். இல்லாதவனுக்கு அண்ணாச்சி வேறொரு மிருதங்கக்காரரைத் தேடிப் போனார்.

சென்ற புரட்டாசியில் அடிவாரத்து மண்டகப்படி ஒன்றில் கச்சேரி. கடத்துக்கு ஆள் வேண்டுமென்று அண்ணாச்சி வயலின்காரரிடம் சொல்ல, வயலின்காரர் தம் சிஷ்யனிடமும் சிஷ்யன் தன் மைத்துனனிடமும் சொல்ல, கடைசியில் கட வித்வானின் காதை அடைந்தபோது செய்தியில் மிஞ்சியிருந்தவை "திருவண்ணாமலை, சனிக்கிழமை, மாலை ஆறு மணி" என்பவை மாத்திரமே. ஆறடிக்கச் சில நிமிஷம் இருக்கையில் அண்ணாச்சியின் கைபேசி அலறிற்று.

"அண்ணாச்சி, கோபுரத்துக்கு முன்னாடியேதான் நிக்கிறேன். ஒருத்தரையும் காணோமே!"

"எந்தக் கோபுரம்? ஆண்டாள் கோயிலுக்கா போயிட்டீக?"

"ஆண்டாளா? அண்ணாமலையார் கோயில் கோபுரங்க. கிரிவலம் போறவங்க கூட்டத்துல கடத்தைத் தூக்கிக்கிட்டு நிக்க முடியல."

300 கிலோமீட்டருக்கும் அப்பால் கடம் நின்றது. அண்ணாச்சி பதறவில்லை. போனைக் காதில் வைத்தபடியே ஒற்றைக் கையால் ஏதோ ஜாடை காட்ட, அரைமணியில் மோர்சிங்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் யாருக்கு யார் என்று கேட்க எவருக்கும் அவகாசமில்லை. அதற்குள் மறுமுனையில் வித்வான் ரயில் கட்டணம், மானம் ஆகிய இரண்டையும் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அண்ணாச்சி குரலைச் சற்றே தாழ்த்திக் கேட்டார்:

"அதெல்லாம் பாத்துக்கிடலாம் தம்பி. வந்தது வந்துட்டீக, அந்தக் கோயில் நாகஸ்வரக்காரர் நம்பரை மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."