குணப்பொருத்தம் பார்ப்பவர்

நகர அடுக்ககங்களில் தளத்துக்கு ஒருவராகக் காணக்கிடைக்கும் இவர், எந்த உயிரினத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்னும் அதற்கும் தமக்கும் குணப்பொருத்தம் பார்க்கிறார். மகளுக்கு வரன் தேடியபோது பார்த்த பத்துப் பொருத்தத்தைவிட இதில் இவர் காட்டும் நுணுக்கம் அதிகம். குறை ஒன்றுதான்: தம் பக்கத்தில் இவர் வைத்துப் பார்க்கும் ஜாதகம் வேறு யாருடையதோ.

சென்னையின் நான்காம் தளத்துக்கு ஹஸ்கி வந்து சேர்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்று. சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் பனிமேல் சறுக்குவண்டி இழுப்பதற்கென்று பேணிவந்த இந்த நாயினத்துக்கு, தோலையொட்டி அடர்ந்த அடிமயிரும் அதன்மேல் நீண்ட புறமயிருமாக இரட்டைப் போர்வை உண்டு. நாள்தோறும் நன்றாக ஓடித் தீர்த்தாலன்றி அது அடங்குவதில்லை. "எனக்கும் சும்மா உட்காரவே பிடிக்காது சார், நம்ம லைஃப்ஸ்டைலுக்கு இதுதான் சார் செட் ஆகும்" என்று லிஃப்டில் அகப்பட்டவரிடமெல்லாம் இவர் விளக்கியிருக்கிறார். அந்த லிஃப்ட் பழுதான நாளில், மெக்கானிக் வந்து சரிசெய்யும்வரை காவலாளியின் நாற்காலியை விட்டு எழாமல் அமர்ந்திருந்தவரும் இவரே. வெயிலுக்குப் பழகிய இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் ஊர் இனங்களை யாரேனும் எடுத்துரைத்தால், அவை வேட்டை நாய்கள், தம் சுபாவத்துக்கு ஒத்துவராதவை என்று ஒதுக்கிவிடுகிறார். 2005இல் இந்திய அஞ்சல்துறை இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்ட செய்தியும் இவரை அசைக்கவில்லை.

ஹஸ்கிக்கு முன்பு, பொறுமையும் மௌனமுமே தம் இயல்பு என்று இவர் கண்டறிந்திருந்த காலமும் உண்டு. நாணயமளவில் வாங்கப்பட்ட செங்காது ஆமை, அதாவது கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுடைய அமெரிக்க நன்னீர் ஆமை, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது என்பது தெரியவந்ததும், அது தாம்பரத்திலுள்ள மைத்துனரின் துணி துவைக்கும் தொட்டிக்குக் குடிபெயர்ந்தது. உள்ளூர் ஆமைகளுக்குக் கேடு விளையுமென்று அறியாமல் பலர் செய்வதுபோல் அதைக் கோயில் குளத்தில் விடாததற்காக இவரைப் பாராட்டவேண்டும். பச்சைக்கிளி வளர்க்க எண்ணியபோது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கிட்டது.

பொருத்தம் பார்ப்பதோடு இவர் பணி முடிகிறது. ஹஸ்கியை நடத்திச் செல்பவர் வேலைக்கார அம்மாள். உதிரும் மயிரைக் கூட்டுபவர் மனைவி. அழைத்தால் அது வந்து நிற்பது இவருடைய தாயாரிடம் மட்டுமே. எனினும், வெயில் 40 டிகிரியைத் தாண்டிய மே மாதத்தில் நள்ளிரவில் மின்சாரம் நின்றபோது, தம் வியர்வையைத் துடைக்கவும் மறந்து, விடியும்வரை செய்தித்தாளால் நாய்க்கு விசிறியவர் இவர்தான் என்பதையும் பதிவுசெய்தாகவேண்டும்.

ஹஸ்கி குரைப்பது அரிது. ஊளையிடுவது அதன் வழக்கம். ஓடவேண்டிய பிராணியைக் குளிரூட்டிய அறைக்குள் அடைத்துவைத்தால் அது இரவெல்லாம் ஊளையிடும் என்பதும், மூன்றாம் தளத்தில் குடியிருப்போர் காலையில் வேலைக்குப் போகவேண்டியவர்கள் என்பதும் இவருக்குப் பலமுறை, பணிவாகவும் எழுத்து மூலமாகவும், தெரிவிக்கப்பட்டுள்ளன. அது பாடுகிறது என்பதே இவர் அளிக்கும் விடை. இது நகைப்புக்குரியதன்று, அந்த நாய்க்கும் நல்லதன்று.

அண்மைக் காலமாக இவர் மக்காவ் கிளியை ஆராய்ந்துவருகிறார். தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் இந்தப் பெருங்கிளி, நன்கு பேணினால் 50 ஆண்டுகள்கூட உயிர்வாழும் என்பதும், இவருக்கு வயது 56 என்பதும், கல்லூரியில் படிக்கும் மகனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதும் தனிச் செய்திகள். மக்காவ் ஓயாமல் கத்தும், பிறர் பேசுவதைக் கேளாமலே திரும்பத் திரும்பத் தன் சொல்லையே சொல்லும் என்று படித்தறிந்தவுடன் தம் குணமும் அதுவே என்று இவர் அறிவித்தார். அடுக்ககத்தில் அதை மறுத்தவர் எவருமில்லை.