யூத்து அண்ணன்

ஆட்சி கவிழ்ந்த செய்தி டி.வி.யில் ஓடுவதற்கு முன்பே யூத்து அண்ணன் தலைக்குச் சாயம் அடித்துவிட்டார். 2021 பிப்ரவரி 22, திங்கட்கிழமை. புதுச்சேரி சட்டசபையில் நாராயணசாமி அரசு நம்பிக்கை கோரிக்கொண்டிருந்த நேரத்தில், தேங்காய்த்திட்டு டீக்கடை பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நெற்றியோரம் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. டீ மாஸ்டர் பாய்லருக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார். “இன்னாண்ணா, எலெக்‌ஷனா?”

எங்கள் பகுதியில் இது வெகு நாளைய வழக்கம். துறைமுகத்தில் கூண்டு ஏறினால் புயல். யூத்து அண்ணன் தலை கறுத்தால் தேர்தல். வானிலைக்காரர்கள் சில தடவை தவறியிருக்கிறார்கள். அண்ணன் தலை தவறியதில்லை.

அண்ணன் இளைஞரணி அமைப்பாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டால் எல்லாக் கட்சியிலும் இவரைப் பார்க்கலாம். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் அட்டையிலும்தான் இருக்கிறது. ஊருக்கு அவர் யூத்து அண்ணன். மீன் வலை பின்னும் எழுபது வயதுக் கிழவரும் “வா யூத்து” என்றுதான் கூப்பிடுகிறார். அண்ணனின் பிறந்த தேதி ஜாதகத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கட்சி உறுப்பினர் அட்டையில் ஒன்று. கட்சி அட்டையின்படி அவர் அவருடைய தம்பிக்குத் தம்பி.

கட்சிக்கு வந்தது எப்போது என்று கேட்டால் மட்டும் அண்ணன் வயதை மறந்து உண்மையைச் சொல்லிவிடுவார். புதுச்சேரியில் 1990இல் ஒரு சட்டசபைத் தேர்தல் நடந்தது. எம்.டி.ஆர். ராமச்சந்திரன் முதல்வரானார். ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை, 1991இல் மறுபடி தேர்தல், வைத்திலிங்கம் முதல்வர். முதல் தேர்தலில் மைதா பசை வாளி தூக்கிய பையன், பசை காய்வதற்குள் வந்த அடுத்த தேர்தலில் சுவரொட்டி ஒட்டும் அளவுக்கு உயர்ந்துவிட்டான். அதுதான் அவருடைய அரசியல் வாழ்க்கையில் ஆக வேகமான பதவி உயர்வு. அதற்குப் பிறகு அந்த வேகம் வரவே இல்லை.

அவசரத் தேர்தல் எங்களுக்குப் புதிதல்ல. 1974 மார்ச்சில் வந்த ராமசாமி அமைச்சரவை 22 நாள் இருந்தது. சில வீடுகளில் புதுமாப்பிள்ளைகூட அதைவிட அதிக நாள் தங்குவார். நாடாளுமன்றத்துக்கு 1996, 1998, 1999 என்று மூன்று தடவை ஓட்டுப் போட்டோம். இருக்கிற ஒரே தொகுதியை ஃபாரூக் மரைக்காயருக்குக் கொடுத்து, ஆறுமுகத்துக்கு மாற்றி, திரும்ப ஃபாரூக் மரைக்காயருக்கே கொடுத்தோம். 2011இல் ரங்கசாமி பிப்ரவரியில் கட்சி ஆரம்பித்தார், மே மாதம் முதல்வர் நாற்காலியில் இருந்தார். அந்த மூன்று மாதமும் அண்ணன் இரண்டு கட்சிகளில் இளைஞராக இருந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அண்ணன் மறுப்பதில்லை, சிரிப்பார்.

தேர்தல் அறிவித்ததும் அவருடைய வேலை இரண்டு பக்கம் பிரியும். மேலே தலைவர்களிடம் போய் “பசங்க கொதிச்சுப் போயிருக்காங்க” என்று சொல்ல வேண்டும். கீழே பையன்களிடம் வந்து “தலைவர் உங்களைத்தான் நம்பியிருக்காரு” என்று சொல்ல வேண்டும். பையன்கள் கொதித்ததில்லை, தலைவர் நம்பியதுமில்லை. ஆனால் அண்ணன் சொல்லும்போது இரண்டும் உண்மை போலவே இருக்கும். கட்சி ஆபீஸில் கூட்டம் என்றால் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் மூத்தவர்களுக்கு. இளைஞரணி நிற்கும், துடிப்புள்ளவர்கள் அல்லவா! அண்ணனுக்கு மூட்டுவலி. இருந்தாலும் தலைவரின் வலது தோளுக்குப் பின்னால், புகைப்படத்தில் வெட்டுப்படாத இடமாகப் பார்த்து நிற்பார். தேங்காய்த்திட்டு இளைஞர்களின் பிரதிநிதித்துவம் என்பது நடைமுறையில் அந்த ஒன்றரை அடி இடம்தான்.

இவரைப் பார்த்துச் சிரிக்கிறோமே, வேறு எங்கே போவார் என்று யோசித்ததுண்டா? தமிழ்நாட்டில் ஒரு பையன் வார்டு உறுப்பினர், கவுன்சிலர், சேர்மன் என்று படிப்படியாக ஏறலாம். எங்கள் ஊரில் படியே கிடையாது. நகராட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, அடுத்தது 38 வருடம் கழித்து 2006இல். அதில் ஜெயித்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. 2006இல் அண்ணனுக்கு 31 வயது. ஜாதகத்தின்படியே 31. வார்டு அவருக்குத்தான் என்று பேச்சு. கடைசி நேரத்தில் பெரியவர் ஒருவரின் மச்சானுக்குப் போய்விட்டது. ஆறுதலாகக் கொடுத்ததுதான் இந்த அமைப்பாளர் பதவி. “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார்கள். அந்த அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடத்தை நாங்கள் மேரி என்போம். பிரெஞ்சுக்காரன் காலத்துச் சொல். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதை அப்படியே பழையபடி கட்டி, 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் மோதி திறந்துவைத்தார். அன்றைக்குத்தான் குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்தது. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “சூப்பரா கட்டியிருக்கான்பா. தூண் எல்லாம் வெள்ளை வெளேர்னு. உள்ள உட்காரத்தான் ஆள் இல்ல.” சேர்மனும் இல்லை, கவுன்சிலரும் இல்லை என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் தேர்தல் அறிவிப்பு. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. கையில் இருந்தது 39 நாள். புதுச்சேரித் தொகுதி ஒன்றுக்குச் சராசரியாக 33 ஆயிரம் ஓட்டுதான். தமிழ்நாட்டுத் தொகுதியில் அந்த அளவு ஓட்டு ஒரு மூலையில் கிடக்கும். இங்கே வெயில் ஏறுவதற்குள் பாதித் தொகுதியை நடந்தே சுற்றிவிடலாம். அதனால் வேட்பாளருக்கு வாக்காளரைத் தெரியும், வாக்காளருக்கு வேட்பாளரின் கடன்காரரையும் தெரியும். இந்த மாதிரி ஊரில் இளைஞர் ஓட்டு என்று தனியாக எதுவும் இருக்க முடியாது, இன்னார் வீட்டுப் பையன் ஓட்டுதான் இருக்கும். இதை அண்ணனைவிட நன்றாக அறிந்தவர் கட்சியில் இல்லை.

இந்த 39 நாளுக்குள்தான் பையன்கள் அந்த மனுவைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 14 பேர். விசைப்படகுக்குப் போகிறவர்கள், ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள், பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறவர்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அழகாக டைப் அடித்திருந்தார்கள். மூன்று கோரிக்கை. ஒன்று, பிராந்தியத்தில் ஒரு சீட்டாவது 35 வயதுக்குள் இருப்பவருக்குத் தர வேண்டும். இரண்டு, இளைஞரணிப் பொறுப்புகள் எல்லாம் 35க்குள் இருப்பவர்களுக்கே. மூன்று, வாக்குப்பதிவு அன்று பூத் ஏஜென்ட்டுகளுக்கு இட்லி ஏழு மணிக்குள் வர வேண்டும்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டு (அதையும் தேர்தல் காலத்தில் பொதுவெளியில் போடமாட்டார்) நிதானமாகப் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டாவதுல ஒரு எழுத்துப் பிழை இருக்குது.”

“எங்கண்ணா?”

“35ன்னு அடிச்சிருக்கு. 53 தானே?”

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவன் சொன்னான்: “இல்லண்ணா. 35 தான்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. துறைமுகம் பக்கமிருந்து கருவாட்டு வாசனை வந்து போனது. அண்ணன் மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் லேபர் கட்சியின் இளைஞர் பிரிவில் 26 வயதோடு கதை முடிந்துவிடும் என்று எங்கேயோ படித்ததை எடுத்துவிட்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். “அங்க குளிர் ஊரு. பொருள் சீக்கிரம் கெட்டுப் போவாது. நியாயமா அவங்கதான் வயசக் கூட்டி வைக்கணும்.” பிறகு தன்னுடைய பழைய ஆதாரத்தை எடுத்தார். இந்த விஷயத்தில் அவர் கட்சி பேதம் பார்ப்பதில்லை. “ஸ்டாலின் இளைஞரணிச் செயலாளர் பதவிய எப்ப விட்டாரு? 2017 ஜனவரியில, செயல் தலைவர் ஆனப்ப. அப்ப அவருக்கு 63. நான் கணக்குல இன்னும் குழந்தை.” கணக்கு சரிதான். நான் டீயைக் குடித்தேன்.

மனுவை அவர் கிழித்துப் போட்டுவிடுவார் என்று நான் பந்தயம் கட்டியிருந்தேன். அல்லது இரண்டாவது கோரிக்கையை முழுங்கிவிட்டு ஒன்றையும் மூன்றையும் மட்டும் வாசிப்பார் என்று. தேர்தல் பணிக் கூட்டத்தில் நடந்தது வேறு. தலைவருக்கு எழுபது தாண்டியிருந்தது. “இளைஞர்கள் தரப்புல ஏதாவது இருக்குதா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த விஷயத்துக்குப் போக வாயெடுத்தார். அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டார். எல்லார் முன்னாலும் கண்ணாடியைப் போட்டார். மூன்றையும் வரிசையாக, ஒரு எழுத்து விடாமல் படித்தார். 35 என்ற இடத்தில் குரல் கொஞ்சம் கூடவே ஏறியது. நாற்காலிகள் சிரித்தன. தலைவரும் சிரித்தார். “ஏம்பா யூத்து, இத ஒத்துக்கிட்டா நீ எங்க போவ?”

“அது கட்சி முடிவு பண்ண வேண்டியது தலைவரே. பசங்க குடுத்தாங்க, நான் படிச்சிட்டேன்.”

தலைவர் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு எங்கள் ஊர் அரசியலின் ஆகப் பழைய தீர்மானத்தை நிறைவேற்றினார்: “எலெக்‌ஷன் முடியட்டும்பா.”

தேர்தல் இல்லாத நாளில் போய்க் கேட்டால் “எலெக்‌ஷன் வரட்டும்” என்பார்கள். அந்த வருடம் வந்த வேகத்தில் அதைச் சொல்லக்கூட யாருக்கும் நேரமில்லை, நேராக முடிவுக்கே போய்விட்டார்கள். வெளியே காத்திருந்த பையன்களிடம் அண்ணன், “மூணும் போயிருக்கு. இட்லி கன்ஃபார்ம்” என்றார். மூன்றுக்கு ஒன்று. கூட்டணிப் பேச்சுவார்த்தையில் அனுபவசாலிகளே இந்த விகிதம் வாங்கி வருவதில்லை.

சீட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேட்புமனுவுக்கு மார்ச் 19 கடைசி நாள். அதற்குச் சில நாள் முன்பு ராத்திரி, தொகுதி கூட்டணிக் கட்சிக்கு என்று செல்போனில் செய்தி வந்தது. விருப்ப மனுவோடு கட்டிய பணம் போனது போனதுதான். அண்ணனும் கட்டியிருந்தார், வீட்டுக்குத் தெரியாமல். விடிந்ததும் 14 பேரையும் கூட்டிக்கொண்டு, நேற்றுவரை திட்டிக்கொண்டிருந்த சின்னத்துக்கு ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். முதல் தெருவில் பழக்க தோஷத்தில் பழைய சின்னத்தைச் சொல்லிவிட்டார்கள். ஒரு பாட்டி திருத்தினார்.

ஏப்ரல் 6 விடிகாலை ஐந்தரைக்குப் பூத்தில் மாதிரி வாக்குப்பதிவு. ஏஜென்ட்டுகள் முன்னிலையில் 50 ஓட்டாவது போட்டுக் காட்டி, கணக்கு சரிபார்த்து, அழித்து, சீல் வைப்பார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் எங்கள் பையன்களில் ஒருவன். கையில் வாக்காளர் பட்டியல், அடிஸ்கேல், சிவப்புப் பேனா. ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும் ஸ்கேலை இறக்கிக் கோடு போட வேண்டும். பட்டியலில் பெயருக்குக் கீழே வீட்டு எண், வயது. எட்டு மணி வாக்கில் அண்ணன் ஓட்டுப் போட வந்தார். வரிசை எண் வாசித்தார்கள். பையன் ஸ்கேலை வைத்தான், பார்த்தான், கோடு போட்டான், ஒன்றும் சொல்லவில்லை.

இட்லி பத்தே முக்காலுக்கு வந்தது. சாம்பார் வரவில்லை.

ராத்திரி ஏழரைக்கு, பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய 17சி படிவத்தை வாங்கிக்கொண்டு பையன் வெளியே வந்தான். அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். சாயம் வியர்வையில் காதோரம் வழிந்து காய்ந்திருந்தது.

“அண்ணா, லிஸ்ட்டுல உங்க வயசு தப்பா போட்டிருக்கான். 46ன்னு இருக்குது.”

“தெரியும்பா. ஃபார்ம் 8 குடுத்தா திருத்துவான். எலெக்‌ஷன் முடியட்டும்.”

மே 2 அன்று முடிவு வந்தது. என்.ஆர். காங்கிரஸ் 10, பா.ஜ.க. 6, தி.மு.க. 6, காங்கிரஸ் 2. மிச்சம் ஆறும் சுயேச்சை. “அணியே இல்லாதவன்கூட ஆறு பேர் ஜெயிச்சிருக்கான்ணா” என்றான் ஐஸ் பெட்டிப் பையன். அண்ணன் காதில் விழாத மாதிரி துறைமுகப் பக்கம் பார்த்தார். முகத்துவாரம் மறுபடி மண் தூர்ந்திருப்பதாகவும், அதைப் பற்றித் தலைவரிடம் பேசப் போவதாகவும் சொன்னார்.

அந்த மனு இன்னும் அவருடைய டைரியில்தான் இருக்கிறது. நாலு மடிப்பும் கிழியத் தொடங்கிவிட்டதால் ஒருநாள் செலோடேப் ஒட்டி வைத்தார். அதில் கையெழுத்துப் போட்ட 14 பேரில் ஐந்து பேருக்கு இப்போது 35 தாண்டிவிட்டது.