எல்லை தெரிந்த வரி

ஓசூரில் வரி கட்டுகிறவர்கள் எப்போதும் குறைதான் சொல்கிறார்கள். பாராட்ட வேண்டியதை யாரும் பாராட்டுவதில்லை. அந்தக் கடனை நான் தீர்க்கிறேன்.

முதலில் தொழில் வரி. வருமான வரி மத்திய அரசு வாங்குவது; அரையாண்டுக்கு ஒருமுறை சம்பளத்தில் பிடிக்கும் இந்தத் தொழில் வரி தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கு வருவது. இதன் பெருமை சமத்துவம். ஆறு மாத வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் படிநிலையே கிடையாது. மாதம் 13,000 வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளியையும் 3 லட்சம் வாங்கும் ஆலை மேலாளரையும் சரிசமமாக உட்கார வைக்கும் சபை வேறெங்கே இருக்கிறது? அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 1988இல் 250 என்பதை 2,500 ஆக்கினார்கள். அரிசி, வாடகை, பஸ் கட்டணம் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டன. அந்த எண் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அத்தனை உறுதி.

இந்த வரிக்கு எல்லை மரியாதையும் தெரியும். விடிந்தும் விடியாததுமாக ஓசூர் பஸ் நிலையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜிகினி, எலக்ட்ரானிக் சிட்டி என்று வேலைக்குப் போகிறவர்கள். கர்நாடகத்தில் தொழில் வரியை மாநில அரசே வாங்கிக்கொள்கிறது. மாலையில் அவர்கள் திரும்பி வந்து குடிக்கிற தண்ணீர், கொட்டுகிற குப்பை, வண்டி ஓட்டித் தேய்க்கிற தெரு எல்லாம் ஓசூருடையவை. ஆள் தினமும் எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டி வருகிறார். அவருடைய வரி ஒருநாளும் தாண்டி வந்ததில்லை. சூளகிரிப் பக்கமும் போச்சம்பள்ளிப் பக்கமும் ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் ஆலைகளுக்குப் போகிறவர்களின் வரியும் அப்படித்தான்: வேலை செய்த இடத்தோடு சரி, தூங்கும் ஊருக்குத் தொந்தரவு தருவதில்லை. 2017இல் வந்த ஜிஎஸ்டி இன்னும் பெருந்தன்மையானது. ஓசூரில் பூட்டிய வண்டி பாட்னாவில் விற்றால் மாநிலப் பங்கு பீகாருக்குப் போகிறது. செய்த ஊருக்கு லாரிகள் போன சாலை மிஞ்சுகிறது.

சொத்து வரியின் சிறப்பு, அதற்கு நேரம் காலம் தெரியும் என்பது. 2018இல் ஏற்றினார்கள். உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்து வாக்கு எண்ணும் வரை வாய் திறக்காமல் இருந்து, ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடி ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் வேறு வேறு கட்சியினர், அடக்கம் ஒன்றே. அந்த உயர்வில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100, கடைகளுக்கு 100, தொழிற்சாலைகளுக்கு 75. தொழில் நகரத்தில் யாரை எப்படி மதிக்க வேண்டும் என்பதை மளிகைக்கடைக்காரர் இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. சாக்கடையும் சாலையும் தாமதமானால் மாநகராட்சியிடம் நாம் வட்டி கேட்டுச் சங்கடப்படக் கூடாது என்று, அப்படி ஒரு விதியையே எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

ஓசூர் 2019 பிப்ரவரியில் மாநகராட்சி ஆனது. அப்போது தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. தமிழக நகரங்களில் 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை தனி அலுவலர்களே வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரித்து, அவர்களே நிறைவேற்றினார்கள். கவுன்சிலர்களின் கேள்விகளும் வெளிநடப்பும் இல்லாமல், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எவ்வளவு அமைதி!

மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. பிரிப்பதற்கு மக்கள்தொகை முக்கிய அளவுகோல். கையில் இருப்பது 2011 கணக்கு. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. இணைந்த ஊர்களையும் சேர்த்தால் 2011 கணக்குப்படி ஓசூரில் சுமார் 2.45 லட்சம் பேர். அதற்குப் பின் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்து எட்டுக்கு எட்டு அறையில் ஐவராகத் தங்கியிருப்பவர்களுக்குத் தண்ணீர் உண்டு, கழிவு உண்டு, கணக்கு மட்டும் இல்லை. ஆனால் எண்ணத் தெரியாத அரசு என்று யாரும் சொல்ல முடியாது. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்த ஓசூர் விமான நிலையத்துக்கு ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள் என்று இப்போதே எண்ணிவிட்டார்கள்.

மக்கள் உட்கார்ந்து பேசவும் ஏற்பாடு உண்டு. நகராட்சிகளுக்கான 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வந்தது 2022இல். நம் பக்கத்துத் தகடூர் அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலில் மெருகு குலையாமல் இருந்த வேல்களைப் பார்த்துப் பாராட்டினார். 29 ஆண்டுகள் ஒரு கீறலும் படாமல் காத்த சட்டத்தையும் அதே வாயால் பாராட்ட வேண்டும்.

ஓசூர்க்காரர்களே, மார்ச்சில் மன்றத்தில் வைக்கும் வரவுசெலவுத் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை வெளியிடும்படி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவே சொல்கிறது. உங்கள் தெருவில் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். தொழில் வரியில் ஒரு பங்கு ஆள் குடியிருக்கும் ஊருக்கும் வர வேண்டும், 2,500 என்ற வரம்பு உயர்ந்து அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் கட்ட வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அந்த வரம்பை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே இருக்கிறது.