கண்மாய் மீனும் அதன் புழுவும்: ஒரு சிற்றாய்வு

மதுரைப் பசுமலையில் கண்மாய் மீன் வாங்கிச் சமைப்போர் இரு கட்சியினர். செவுளோரத்திலோ தோலுக்கடியிலோ மஞ்சளாக அரிசியளவில் ஒன்று நெளிந்தால், மீன் கெட்டுவிட்டது என்று சட்டியோடு கொட்டுவோர் ஒரு கட்சி. மஞ்சள்தூளைக் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்போர் மறு கட்சி. இரு கட்சியும் தவறு. புழு இருப்பதால் மீன் அழுகியது என்று ஆகாது. மஞ்சள்தூளால் அது சாவதும் இல்லை.

முதலில் அந்த மஞ்சள் புழுவின் வரலாறு. விலங்கியலார் அதற்கு இட்ட பெயர் கிளினோஸ்டோமம், தட்டைப்புழு இனம். மாடக்குளம் கண்மாயிலும் திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாயிலும் நிற்கும் நாரை, கொக்கு போன்ற பறவைகளின் வாயும் தொண்டையுமே அதன் சொந்த ஊர். பறவை அலகை நீரில் நனைக்கும்போது முட்டை நீரில் சேரும். பொரிந்த குஞ்சு நத்தைக்குள் புகுந்து பல்கிப் பெருகும். பிறகு வெளியேறி நீந்தி, மீனின் தோலைத் துளைத்து, கூடு கட்டிக் காத்திருக்கும். எப்போதாவது ஒரு நாரை அந்த மீனை விழுங்கினால் அதன் பயணம் முடிந்தது. மனிதன் அந்த வழியில் இல்லாதவன். ஆனாலும் ஜப்பானிலும் கொரியாவிலும் பச்சை மீன் தின்ற சிலருக்கு அது தொண்டையில் ஒட்டி வலி தந்ததாக மருத்துவப் பதிவுகள் உள்ளன.

அடுத்தது விராலில் குடியிருக்கக்கூடிய நாத்தோஸ்டோமா. 1836இல் ரிச்சர்ட் ஓவன் இதை லண்டனில் இறந்த ஒரு புலியின் இரைப்பையில் கண்டு விவரித்தார். பூனை, நாய், புலி ஆகியவற்றின் வயிற்றில் வளரும் உருளைப்புழு இது. சைக்ளோப்ஸ் என்னும் நுண்ணிய நீருயிரி வழியாக மீனுக்குள் வருகிறது. மனித உடலில் இதற்கு வளரத் தெரியாது. வழி தெரியாமல் தோலுக்கடியில் அலையும், சில வேளை கண்ணுக்குள்ளும் போகும். தாய்லாந்தில் இது பழகிய நோய், இந்தியாவில் அரிது.

மூன்றாவது, அகல நாடாப்புழு. பத்து மீட்டர் வரை நீளும். குடலில் இருந்துகொண்டு பி12 உயிர்ச்சத்தை உறிஞ்சி இரத்தசோகை தரலாம். குளிர்நாட்டு ஏரிகளுக்கு உரியது என்றே நாம் நினைத்திருந்தோம். ஆனால் 1998இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்தியாவின் முதல் நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 2007இல் புதுச்சேரியிலிருந்தும் ஓர் அறிக்கை வந்தது.

மிகக் கொடியது கல்லீரல் புழு. 1874இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்த ஒரு சீனத் தச்சரின் உடலைப் பரிசோதித்தபோது, மெக்கானெல் என்ற மருத்துவர் பித்தக் குழாய்களில் அதைக் கண்டார். உலகம் அப்புழுவை அறிந்தது இந்திய மண்ணில்தான். வடகிழக்குத் தாய்லாந்தில் ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி உண்ணும் வழக்கத்தால் அதன் உறவுப்புழு ஒன்று பித்தக் குழாய்ப் புற்றுநோயை வளர்த்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தாய்லாந்துப் புழுவை 1994இலும் கல்கத்தாவில் கண்ட புழுவை 2009இலும் உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்த நான்கும் ஒரே இடத்தில் தோற்கின்றன: கொதிக்கும் குழம்பில். மீனின் நடுச்சதை 63 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் புழு பிழைக்காது; கொதிக்கும் மண்சட்டி அதைத் தாண்டியே நிற்கிறது. ஆகவே அயிரை மீன் குழம்பு சாப்பிடும் மதுரைக்காரர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவரைக் காப்பது அடுப்பு மட்டுமே. உயிர் அயிரையைப் பாலிலோ உப்பு நீரிலோ விட்டால் அது சேற்றைக் கக்கும். சதைக்குள் கூடு கட்டிய புழு வெளியே வராது. புளியும் எலுமிச்சையும் மிளகாயும் ருசிக்கு உரியவை, புழுவைக் கொல்ல உரியவை அல்ல. கடையில் மீன்மேல் கொட்டும் ஐஸும் போதாது. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம்.

தவறு நேர்வது வறுவலில். விரால் துண்டு தடிமனாக இருந்து, தோசைக்கல் அதிகச் சூட்டில் இருந்தால், மேல் மசாலா கருகும். முள்ளையொட்டிய சதை கண்ணாடிபோல் பச்சையாகவே கிடக்கும். சதை வெளுத்து, முள்ளைவிட்டுத் தானாகப் பிரியும்வரை அடுப்பை விட்டு இறக்கக் கூடாது. பச்சை மீன் அரிந்த அருவாமனையைக் கழுவாமல் வெங்காயம் அரியவும் கூடாது. கடல் மீனில் வரும் அனிசாகிஸ் புழுவுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும், வெந்த பிறகும் அரிப்பும் தடிப்பும் வரலாம். அவர்கள் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

கடைசியாக, இந்தப் புழுக்களைப் பெருக்குவது யார் என்ற கேள்வி. நாரையைத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். நாடாப்புழுவும் கல்லீரல் புழுவும் மனித மலம் நீரில் கலப்பதாலும் மீனுக்குப் போய்ச் சேரும். நாம் வீசும் பச்சை மீன்குடலைப் பூனையும் நாயும் தின்பது நாத்தோஸ்டோமா தழைக்க உதவும். ஆகவே பசுமலைக்காரர்களுக்கும் மதுரைக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு: மீன்குடலைக் கண்மாயிலோ தெருவிலோ எறியாமல் குழியில் புதையுங்கள், கண்மாய்க்குள் சாக்கடை நீரை விடும் ஒவ்வொரு குழாயையும் அடைக்கச் சொல்லி ஊராட்சியையும் மாநகராட்சியையும் விடாமல் கேளுங்கள். மீனை அல்ல, மலம் கலந்த கண்மாயைத்தான் நாம் கைவிடாமல் திருத்த வேண்டும்.