மூடியைத் திறக்காதீர்கள்!

● க்ரில், பார்பெக்யூ, ஸ்மோக்கிங் எல்லாம் ஒன்றுதானே? பெயரை மாற்றி விலையை ஏற்றுகிறார்களா?
(சேலம் வாசகர்)

விலை ஏறுவது மெனு கார்டில், வித்தியாசம் இருப்பது அடுப்பில். தணலுக்கு நேர் மேலே வைத்துச் சில நிமிடங்களில் சுட்டெடுத்தால் க்ரில். தணலை ஒதுக்கி, மூடி போட்டு, 110-120 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காகப் புகையோடு வேகவைப்பதைத்தான் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பார்பெக்யூ என்பார்கள்; அந்தப் புகை போடும் வேலைதான் ஸ்மோக்கிங். நம் ஊர் ஹோட்டலில் மேஜை நடுவே குழி வைத்துத் தருகிறார்களே, பெயர் பார்பெக்யூ, வேலை க்ரில்.

● வெளியே கரிக்கட்டை, உள்ளே பச்சை. என் சிக்கனுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?
(கோவை வாசகி)

தணலை அடுப்பு முழுக்கப் பரப்பியிருப்பீர்கள். ஒரு பக்கமாகக் குவித்து, மறுபாதியைக் காலியாக விடுங்கள். காலிப் பக்கத்தில் கோழியை வைத்து மூடுங்கள். முக்கால்வாசி வெந்தபின் தணல் பக்கம் தள்ளித் தோலை முறுகவிடுங்கள். தேன், சர்க்கரை, சாஸ் எல்லாம் கடைசி சில நிமிடங்களில்தான். முதலில் கருகுவது சர்க்கரைதான்.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இளங்கோழியில் எலும்பை ஒட்டிய சிவப்பு, வெந்த பிறகும் போகாது. குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், 74 டிகிரி காட்டினால் இறக்கலாம். இறக்குமதி சாஸ் பாட்டில்களுக்குக் கொடுக்கும் காசில் முதலில் இதை வாங்குங்கள்.

● அடுப்பின் சூட்டை எப்படிக் கணிப்பது?
(திருச்சி வாசகர்)

கம்பிக்கு அரைச் சாண் மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். இரண்டு மூன்று நொடியில் கை தானாகப் பின்வாங்கினால் இறாலுக்கும் மெல்லிய துண்டுகளுக்கும் ஏற்ற சூடு. ஐந்தாறு நொடி தாங்கினால் மிதம், கோழிக்குச் சரி. பத்து நொடிக்கு மேல் அப்படியே நின்றால் கரி போதவில்லை. அல்லது நீங்கள் பரோட்டா மாஸ்டர்.

● ஆன்லைனில் வரும் பிரிக்கெட் நல்லதா, இஸ்திரிக் கடைக் கரி போதுமா?
(விருதுநகர் வாசகர்)

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். உங்கள் பக்கமும் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமும் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி கெட்டியானது, நல்ல சூடு தருவது. டெக்சாஸ்காரர்கள் 'மெஸ்கீட்' என்று காசு கொடுத்து வாங்கும் மரம் இதற்குப் பங்காளி. நாம் வெட்டி ஒழிக்கப் பாடுபடுவதை அவர்கள் பாக்கெட்டில் விற்கிறார்கள்!

பிரிக்கெட் என்பது கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி. ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்கு மரம் அறுத்த கழிவிலிருந்து இதைச் செய்து 1920-களில் விற்றார். சீராக எரியும் என்பதால் நெடுநேரச் சமையலுக்கு நல்லது. மற்றபடி உங்கள் ஊர்க் கரியே போதும். ஒன்று மட்டும்: மண்ணெண்ணெய், பெட்ரோல் கிட்டவே வரக்கூடாது. காய்ந்த தென்னம்பாளையும் கொட்டாங்கச்சியும் எதற்கு இருக்கின்றன? கரியின் மேல் நீறு பூத்த பிறகு கறியை ஏற்றுங்கள்.

● மூடி அவசியமா? மூடினால் சுடுவதைப் பார்க்க முடியவில்லையே!
(புதுச்சேரி வாசகி)

பார்க்காமல் இருப்பதற்குத்தான் மூடி. 1952-ல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், காற்றுக்கும் மழைக்கும் திண்டாடி, தான் வேலை பார்த்த பட்டறையில் செய்த நீர்மிதவையின் உருண்டையை இரண்டாக வெட்டிக் கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். வெபர் கெட்டில் அடுப்பு பிறந்த கதை அது. ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் சூடு வெளியே போகிறது, காற்று உள்ளே புகுந்து தணலை எழுப்புகிறது.

● தச்சுப்பட்டறையில் மரத்தூள் சும்மா கிடைக்கிறது. புகை போடலாமா?
(நாகர்கோவில் வாசகர்)

சும்மா கிடைப்பதில் பிளைவுட் பசையும் வார்னிஷும் சேர்ந்தே கிடைக்கும். வேண்டாம். நன்றாகக் காய்ந்த கொய்யா, மா விறகு இரண்டு துண்டு போதும். பிசின் வடியும் பைன் வகை ஆகாது. அரளி விஷம், கறி கோக்கும் குச்சியாகக்கூட அதை ஒடிக்காதீர்கள்.

விறகிலுள்ள லிக்னின் சிதையும்போது குவையகால் போன்ற பொருள்கள் உண்டாகும். நீங்கள் ஆசைப்படும் மணம் அதுதான். அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம், கறி கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் மெல்லிய நீலப் புகை வரும்வரை பொறுங்கள். மேல் துவாரத்தை அடைக்கவே கூடாது.

● பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) வைத்தேன். 68 டிகிரியில் மூன்று மணி நேரமாக முள் நகரவில்லை. தெர்மாமீட்டர் பழுதா?
(ஹூஸ்டன் வாசகர்)

தெர்மாமீட்டர் யோக்கியம். உங்கள் பொறுமைதான் பழுது. கறியின் மேற்பரப்பில் நீர் ஆவியாகி, மண்பானைத் தண்ணீர்போல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. தணல் கொடுக்கும் சூடும் ஆவி எடுத்துப்போகும் சூடும் சமமாக நிற்கும் நேரம் இது. 'ஸ்டால்' என்பார்கள். 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கு வேண்டுமானாலும் வரும். இந்த இடத்தில் பயந்து கரியை அள்ளிக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். நெஞ்சுக்கறி செருப்புத்தோலாகும் இடமும் இதுவே.

காத்திருங்கள், அல்லது கசாப்புக் காகிதத்தில் இறுகச் சுற்றி மீண்டும் வையுங்கள். ஆவி அடைபட்டதும் முள் நகரும். அலுமினியத் தாள் இன்னும் வேகம், ஆனால் மேல் பொருக்கு நமத்துப்போகும். 95 டிகிரியை நெருங்கும்போது கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகியிருக்கும், குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் கம்பி இறங்கும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். மசாலா? உங்கள் டெக்சாஸின் பழைய கடைகள் பலவற்றில் உப்பும் மிளகும்தான். நான் அவர்கள் கட்சி.

● பப்பாளி, எலுமிச்சை, தயிர் எல்லாம் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். சிக்கன் கூழாகிவிட்டது!
(தஞ்சாவூர் வாசகி)

பப்பாளிக்காயின் பப்பெய்ன் புரதத்தை வெட்டும். அதன் வேலையே அது. முற்றிய ஆட்டுக்கறிக்கு ஒரு ஸ்பூன், ஓரிரு மணி நேரம். பிராய்லர் கோழிக்குத் தேவையே இல்லை. ராத்திரிக்கு உப்பும் தயிரும் போதும், எலுமிச்சையைக் கடைசி அரைமணியில் பிழியுங்கள். பச்சைக்கறி ஊறிய மசாலாவையே வெந்த கறிமேல் பூசாதீர்கள், பூச்சுக்கென்று முதலிலேயே தனியே எடுத்து வையுங்கள்.

● மீன் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.
(தூத்துக்குடி வாசகர்)

ஈரத்தை ஒற்றியெடுங்கள். கம்பியைத் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள், எண்ணெயை மீனுக்குத் தடவுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முறுகியதும் பெரும்பாலும் தானே விடும். அப்படியும் அடம்பிடித்தால் வாழையிலையில் மடித்துவிடுங்கள். சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த மாசிக்கருவாடு புழங்கும் ஊரில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே!

● சைவர்களுக்கு வழியில்லையா?
(கும்பகோணம் வாசகி)

இருக்கிறது. கத்தரிக்காயை நாலு குத்துக் குத்தித் தணலிலேயே போடுங்கள். பருப்புக்குப் புகை வேண்டுமா? சட்டி நடுவே சிறு கிண்ணம், அதில் ஒரு துண்டுத் தணல், மேலே அரை ஸ்பூன் நெய், உடனே மூடி. ஐந்து நிமிடம்.

● சுட்ட கறியால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?
(மதுரை வாசகர்)

கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையிலும், கருகிய மேல்தோலிலும் ஆகாத பொருள்கள் உண்டாவது உண்மை. கொழுப்பைச் சீவுங்கள், அடிக்கடி புரட்டுங்கள், கருகியதை வெட்டி எறியுங்கள். தினமும் வேண்டாம்.

● மழை வந்தால் ஃபிளாட்டுக்குள்ளேயே கரி அடுப்பை வைத்துக்கொள்ளலாமா? ஜன்னலைத் திறந்து வைத்தால்?
(சென்னை வாசகர்)

கூடாது. ஜன்னலைத் திறந்தாலும் கூடாது. கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், எழ மாட்டீர்கள். சமையல் முடிந்தபின் அடுப்பை உள்ளே தூக்கி வருவதும் இதே ஆபத்துதான். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் மறுநாள் வரை வெளியே வைத்துவிட்டுப் பிறகு குப்பையில் கொட்டுங்கள். மழை நாளுக்குத் தோசைக்கல் இருக்கிறது.