பவாய் அண்ணாச்சி

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சயான் ஸ்டேஷனில் லக்கேஜ் டப்பாவில் ஏறிப் பாருங்கள். கீரைக்கட்டுக்கும் பூக்கூடைக்கும் நடுவே, பழைய லுங்கியில் சுற்றிய மூங்கில் கம்பும் கையில் எவர்சில்வர் தூக்குமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தால் அவர்தான் பவாய் அண்ணாச்சி. தாராவியில் சந்துக்கு ஒருவராவது தேறுவார். பூர்வீகம் தாமிரபரணிக் கரை. பிழைப்பு தோல் பட்டறையாகவோ இட்லி வியாபாரமாகவோ இருக்கும். ஆறு நாள் அதற்கு, ஏழாவது நாள் பவாய் ஏரிக்கு.

அந்த ஏரியில் நினைத்தவரெல்லாம் தூண்டில் போட முடியாது. மகாராஷ்டிரா ஸ்டேட் ஆங்லிங் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது. மெம்பர், அனுமதி எல்லாம் உண்டு. அண்ணாச்சி மெம்பர் இல்லை, மெம்பருக்குத் தெரிந்தவர். இன்னும் சரியாகச் சொன்னால், மெம்பருடைய டிரைவருக்கு ஊர்க்காரர். இதைச் சொல்லும்போது அவர் குரலில் சம்பந்தி வீட்டுப் பெருமை பேசும் கம்பீரம் வந்துவிடும். ஏரியில் முதலைகளும் இருக்கின்றன. அவைதாம் இங்கே ஆயுள் மெம்பர்கள் என்பது அவர் கருத்து.

தூக்கைத் திறந்தால் பொட்டுக்கடலை மாவு, ரொட்டித்தூள், நெய், சோம்பு, தேன். எல்லாம் மீனுக்கு. “ஊர்ல மண்புழுவக் கோத்துப் போட்டாலே கெளுத்தி வந்து நிக்கும். இந்த ஊரு மீனுக்கு நெய் கேக்கு, பாத்துக்கிடும்” என்பார். இந்த மாவில் பெருங்காயம் சேர்க்கச் சொன்னவர் மாட்டுங்கா மாமா. அவர் மீனைக் கையால் தொட மாட்டார், ஆனால் மீனுக்கு எது பிடிக்கும் என்பதில் கரை கண்டவர். நடைப்பயிற்சிக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, தக்கை அமிழும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். மாட்டுங்காவிலிருந்து பவாய் வரைக்கும் என்ன நடைப்பயிற்சியோ!

மூன்றாமவர் செம்பூர் சார். ரிடையர் ஆனவர், முறையான மெம்பர். ரீல், ராடு எல்லாம் அமெரிக்காவில் இருக்கும் மகன் உபயம். மகன் மினசோட்டாவில் ‘கிராப்பி’ என்றொரு மீன் பிடிக்கிறானாம். உள்ளங்கை அகலம், வாணலியில் அப்படியே பொரிக்கத் தோதாக. ஆளுக்குப் பத்துக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாதென்று அங்கே சட்டம்.

“பத்தா? எனக்கு மாசம் பூராவும் சேத்தாலே பத்து தேறாது. அந்தச் சட்டம் இங்கயும் வரட்டும், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல” என்றார் அண்ணாச்சி.

மீன் என்றால் சட்டிக்குள் அடங்க வேண்டும், அதுதான் அவர் கட்சி. மெம்பர்கள் பெரிய கட்லாவைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்கும்போது, “இத எந்த அண்டாவுல வே வைக்க?” என்பார். சாப்பாட்டு வரிசையில் விரால் முதலிடம், அடுத்தது கெளுத்தி, பிறகு கெண்டை. தூண்டிலில் மாட்டுவதோ பெரும்பாலும் ஜிலேபி. அவருக்கு அதன்மேல் தீராத வன்மம். “இது நம்மூரு மீனே கெடையாது வே. எங்கேயோ கெடந்தது இங்க வந்து, குட்டி குட்டியாப் போட்டு, இருந்த மீனையெல்லாம் வெரட்டிட்டு.”

அவர் சொல்வது பொய்யில்லை. ஜிலேபியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-ல் இலங்கை வழியாக மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். இனி பரப்ப வேண்டாம் என்று 1959-லேயே மீன்வள ஆராய்ச்சிக் குழு சொல்லியும் பார்த்தது. ஜிலேபி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணாச்சியின் அப்பா நெல்லையிலிருந்து ரயிலேறியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அறுபதுகளின் கடைசியில் பம்பாயில் மதராசிகளைப் பற்றியும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் பேசினார்கள். இட்லித் தூக்கோடு அப்பா சந்துக்குள் ஒளிந்த கதையை அண்ணாச்சியே சொல்வார். அது வேறு கணக்கு, ஜிலேபிக் கதை வேறு கணக்கு.

வீட்டில் வேறு வழக்கு. பவாய் 1891-ல் குடிதண்ணீருக்காகக் கட்டப்பட்ட ஏரி. இப்போது அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பதில்லை என்பது அண்ணிக்குத் தெரியும். ஏரி நிரம்பி வழிந்தால் மித்தி ஆறாகித் தாராவியை ஒட்டித்தான் மாஹிம் பக்கம் கடலுக்குப் போகிறது. வழியில் எதையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் எழுதக்கூடாது. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்த ஆறு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அண்ணி இன்றைக்கும் கேட்பார்: “ஏங்க, அன்னைக்குக் கட்டில்ல உக்காந்தபடியே பிடிச்சிருக்கலாம்லா? டிக்கெட்டுக் காசாவது மிஞ்சியிருக்கும்.”

அதனால் ஞாயிறு மதியம் அந்த வீட்டில் இரண்டு சமையல். மார்க்கெட்டில் மீன் விற்கும் கோலி மாவ்ஷியிடம் பேரம் பேசி வாங்கிய சுரமை மீன் அண்ணி அடுப்பில் கொதிக்கும். வாசலோரம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில், தனியே ஒதுக்கிக் கொடுத்த சட்டியில், அண்ணாச்சி மூன்று ஜிலேபிகளைத் தன் கையால் பொரித்துக்கொண்டிருப்பார். திட்டித் தீர்த்த மீன்தான், ஆனாலும் முள்கூட மிச்சம் இருக்காது.

கூப்பிட்டால் போங்கள். இரண்டு பக்கமும் கை நனையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கோபித்துக்கொள்ளும். ஆனால் ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டு, “தாமிரபரணி மீன் மாதிரியே இருக்கே அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விளக்கம் முடிந்து கை கழுவ எழுந்திருக்கும்போது கடைசி ரயிலும் போயிருக்கும்.