உயரழுத்தக் கம்பியும் உடுமலைத் தோப்பும்

கேள்வி: தென்னையை வெட்டிவிட்டு எங்கள் தோப்புக்கு மேலே உயரழுத்தக் கம்பி இழுத்துவிட்டார்கள். அடியில் நின்றால் காந்தம் இழுக்குமா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: இழுக்காது. இழுத்தடிப்பது இழப்பீடு மட்டும்தான்!

கணக்கே போடலாம். ஆம்பியரை 0.2-ஆல் பெருக்கி, தூரத்தை மீட்டரில் எடுத்து வகுத்தால் மைக்ரோடெஸ்லா. 500 ஆம்பியர், தலைக்கு மேல் 10 மீட்டர் என்றால் 10. பூமியின் காந்தமே நம் பக்கம் சுமார் 40. அதுவும் இது ஒற்றைக் கம்பிக் கணக்கு. மூன்று பேஸும் கூட்டணிக் கட்சிகள் மாதிரி ஒன்றையொன்று கவிழ்த்துக்கொள்வதால் நிஜத்தில் இன்னும் குறைவு. கம்பி தடிமனா ஒல்லியா என்பது வெளியே நிற்பவருக்குப் பொருட்டில்லை. உருண்டைக் கம்பியின் நட்டநடுவில் காந்தம் பூஜ்யம், மேற்பரப்பில் உச்சம், அதற்கப்புறம் தூரம் இரட்டித்தால் பாதி.

நம்பிக்கை வரவில்லையா? மோட்டார் ரூமில் எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரை எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒரு பேஸ் வயரை மட்டும் கவ்வினால், சுற்றியுள்ள காந்தத்தை வைத்தே ஆம்பியர் காட்டும். மூன்றையும் சேர்த்துக் கவ்வச் சொல்லுங்கள்: மோட்டார் முழு மூச்சில் தண்ணீர் இறைத்தாலும் பூஜ்யம்தான். வேறு ஏதாவது காட்டினால் கரண்ட் மண்ணுக்குக் கசிகிறது. மெயினை அணைத்துவிட்டு மீதியைப் பேசலாம்.